அமலியின் குருத்து

விண்ணரசி ஓடி வந்து பலகையில் இடது காலை ஊன்றிய நொடியில் ஒரு சத்தம் கேட்டது. பார்வையாளர் வரிசையில் இருந்த அவள் அம்மா பிலோமினா, பக்கத்தில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி மைதானத்தைப் பார்த்தபோது மகள் மணற்குழிக்கு இந்தப் பக்கமே, ஓடுபாதையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முட்டியைத் தொடப் பயந்து, அதைச் சுற்றிக் காற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியிலிருந்து மாநிலப் போட்டிக்கு வந்திருந்த பெண்களில் அவள்தான் சின்னவள். பதினைந்து வயது. மும்முறைத் தாண்டுதலில் அவளைவிட மூன்று வயது பெரியவர்களையெல்லாம் அந்த ஆண்டு முந்தியிருந்தாள். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவளிடம் ஓடிப்போய்ச் சேர்ந்தது தங்கை அமலி. பதினோரு வயது. அக்கா பயிற்சி செய்யும் நாட்களில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மணல் ஓரத்தில் குந்தியிருப்பவள். ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே ஓடி, ஆம்புலன்ஸில் முதல் ஆளாக ஏறிக்கொண்டதும் அவள்தான்.

"விழுந்ததால உடைஞ்சது இல்லம்மா இது. இழுத்ததால உடைஞ்சது," என்றார் டாக்டர் கமலக்கண்ணன்.

மதுரையில் விளையாட்டுக்காரர்களுக்கென்றே இருந்த மருத்துவமனை அது. சுவர் முழுக்க விண்ணரசியின் முட்டி ஆளுயரத்துக்கு வெளிச்சமாக நின்றது. டாக்டர் தன் காலையே நீட்டி, முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு மேடாக இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தொடையில இருக்கிற பெரிய தசை கடைசியா இங்கதான் வந்து பிடிச்சிருக்கு. இந்த வயசுல தசை பெரியவங்க தசை ஆயிடுது, எலும்பு மட்டும் இன்னும் பிள்ளை எலும்பு. முழு வேகத்துல ஊன்றி எழும்பும்போது தசை இழுத்த இழுப்புல அந்த மேடே பெயர்ந்து வந்திடுச்சு. தாண்டுற பிள்ளைங்க, கூடைப்பந்து ஆடுற பிள்ளைங்க, நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க."

"சரியாயிருமா டாக்டர்?" என்று கேட்டார் ததேயு. விண்ணரசியின் அப்பா. துறைமுகத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, ஆளில்லாத கிரேன்களை இயக்குகிற வேலை அவருக்கு. எதையும் திரையில் பார்த்தால் நம்பிவிடுவார். சுவரில் இருந்த அந்த முட்டியிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஸ்க்ரூ போட்டுச் சேர்க்கலாம். நடக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் ஒரு குறையும் இருக்காது. தாண்டுறதுன்னா..." டாக்டர் விண்ணரசியைப் பார்த்தார். "சில பேர் திரும்பி வர்றாங்க. நிறைய பேர் வர்றதில்ல. மாசக்கணக்குல சும்மா இருந்துட்டு வந்து நிக்கும்போது கால் பழைய கால் இல்ல."

விண்ணரசி அப்போதுதான் வாய் திறந்தாள். "வேற வழி இருக்கா?"

டாக்டர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"இருக்கு. குருத்து ஒட்டுன்னு சொல்வோம். பிள்ளைங்களோட எலும்பு நுனியில மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கும். அதுதான் எலும்பை நீள வைக்கிறது. வளர்ந்து முடிச்சதும் அது மூடிக்கும். அதுல கொஞ்சம் எடுத்து, ஆய்வகத்துல கொஞ்ச நாள் வெச்சு வளர்த்து, உடைஞ்ச இடத்துல வெச்சா, அந்த இடம் தன்னை இப்போதான் பிறந்த எலும்புன்னு நினைச்சுக்கும். ஆறே வாரத்துல சேர்ந்துடும். முன்னைவிட உறுதியா."

"அப்போ என் குருத்தையே எடுங்க."

"உனக்கு மூடப்போற வயசும்மா. அதுக்கு வேகம் கிடையாது. பத்துலருந்து பதிமூணு வயசுக்குள்ள உள்ள குருத்து வேணும். கூடப் பிறந்தவங்களோடதா இருந்தாத்தான் உடம்பு ஏத்துக்கும்."

அறையின் ஓரத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்த அமலியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"குடுக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள் பிலோமினா.

"பத்துல ஒரு பங்குதான் எடுப்போம். எடுத்த இடம் தானா வளர்ந்து மூடிக்கும். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"என் காலு அக்கா காலுக்குள்ள முளைக்குமா?" என்று கேட்டாள் அமலி. எல்லோரும் சிரித்தார்கள். விண்ணரசிகூட, வலியோடு, கொஞ்சம் சிரித்தாள். அமலிக்குப் பெருமையாக இருந்தது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த ஒட்டு டாக்டர் சொன்னதைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் விண்ணரசி மைதானத்துக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டு தேசிய ஜூனியர் போட்டியில் தங்கம். திருவனந்தபுரத்தில் கொடி ஏறியபோது ததேயு தொலைக்காட்சித் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். பயிற்சியாளர் ஜெயசீலன் மாஸ்டர் போனில் பேச முடியாமல் அழுதார். அமலி தெருவில் வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிலோமினா வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைப்பவள். பள்ளி திறக்கிற சமயம் அது. அமலிக்குப் புதுச் சுடிதார் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். இடது கால் பேன்ட் தரையில் புரண்டது. வெட்டியதில் தப்பு என்று பிரித்து, இரண்டு காலையும் ஒரே அளவாக மடித்துத் தைத்தாள். மறுபடி புரண்டது. பேன்ட்டைக் கழற்றி மேஜையில் விரித்துப் பார்த்தால் இரண்டு காலும் ஒரே நீளம். பிறகு துணியை விட்டுவிட்டுப் பிள்ளையை அளந்தாள்.

"ஏளா, இது எத்தன நாளா?"

"தெரியலம்மா. கொஞ்ச நாளாவே நடக்கும்போது சாயுது."

"சொல்லக் கூடாதா என்கிட்ட?"

"அக்காவுக்குப் போட்டி இருந்துச்சுல்லா."

குருத்து எடுத்த இடது காலில் அந்த இடம் வளர்ந்து மூடிக்கொள்ளவில்லை, எலும்பின் வளர்ச்சியே நின்றுவிட்டது என்று டாக்டர் கமலக்கண்ணன் சொன்னார். இந்த முறை சுவரில் படம் எதையும் போடவில்லை. நாற்காலியை இழுத்து அமலிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க இப்போதான் இதை ஒண்ணு ரெண்டு பிள்ளைங்ககிட்ட பார்க்கிறோம். ஏன் சிலருக்கு மட்டும் வருதுன்னு இன்னும் தெரியல."

"வேற யாரோடதாவது எடுத்து இவளுக்கு வெக்க முடியாதா?" என்றார் ததேயு.

"இவளுக்குச் சின்னவங்களா கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையே."

"அப்போ?"

"வலது கால் வளர்ந்துட்டே போகும். இடது கால் நின்ன இடத்துலயே நிக்கும். வித்தியாசம் கூடிட்டே போனா இடுப்பும் முதுகும் வளைஞ்சுடும். குறைஞ்ச காலை இழுத்து நீட்டுறது பெரிய வேதனை. கூடுற காலை நிறுத்தலாம். அதுக்குச் சரியான வயசு வரட்டும். அப்போ வலது கால் குருத்தையும் எடுத்துடுவோம். வளர வேண்டிய அளவுக்கு வளரமாட்டா. நேரா நடப்பா."

வீட்டுக்கு வந்ததும் அமலி பள்ளி ஷூவைக் கழற்றி, ஒன்றின் அடியையும் இன்னொன்றின் அடியையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்குப் போவதில்லை. நாடா பிடிக்க வா என்று விண்ணரசியும் கூப்பிடுவதில்லை. ஆனால் வாரம் ஒரு முறை, குறைந்த காலுக்காக அமலியின் இடது செருப்பில் உயரமாக ஒட்டியிருந்த அடிப்பகுதி பிய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பிய்ந்திருந்தால் தானே பசை போட்டு ஒட்டிவைப்பாள். அமலிக்குத் தெரியாமல்தான் செய்வாள். அவளோ அது தெரிந்தும் தெரியாததுபோல இருப்பாள். முன்பு ஒரே கட்டிலில் படுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதைப் பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணரசியின் பயிற்சி கூடிக்கொண்டே போனது. மாஸ்டர் போதும் என்று சொன்ன பிறகும் படிக்கட்டுகளில் ஏறித் தாண்டினாள்.

"உடம்பு கெட்டுரும்மா. ஒரு நாளாவது வீட்டுல இரியேன்," என்றாள் பிலோமினா.

"அமலி காலை வாங்கி வெச்சிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கச் சொல்லுதியாம்மா?"



இரண்டாவது முறை எலும்பில் விரிசல் விழுந்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை. விண்ணரசி பயிற்சி எடுத்த அகாடமியில் பிள்ளைகள் எல்லோரும் வாரா வாரம் ஒரு பலகையின்மேல் ஏறி நிற்க வேண்டும். அது காலுக்குள் இருக்கும் எலும்பைப் படம் பிடித்துத் திரையில் காட்டும். சில வாரங்களாகவே விண்ணரசி ஏதாவது சாக்குச் சொல்லி அதைத் தட்டிக் கழித்து வந்திருந்தாள். மாஸ்டர் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். வலது காலின் முன்பக்க எலும்பில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில், ஒரு கறுப்புக் கோடு இருந்தது. தலைமுடியை எடுத்து ஒட்டிவைத்ததுபோல அவ்வளவு மெல்லியது.

"வலிக்கலயாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வலிச்சுது சார்."

"எப்போலருந்து?"

அவள் பலகையிலிருந்து இறங்கினாள். ஆசிய ஜூனியர் போட்டிக்கான தேர்வு முகாமுக்கு அப்போது மூன்று மாதம்கூட இல்லை.

மதுரையில் நால்வரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விண்ணரசிக்குப் பதினேழு வயது. அமலிக்குப் பதின்மூன்று.

"இந்தக் கோடுதான் தாண்டுறவங்களுக்கு ரொம்ப மோசமான இடம்," என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் எலும்பு வில்லு மாதிரி வளையுது. முன்பக்கம் விரிஞ்சுக்கிட்டே இருக்கிறதால அது தானா சேர்றதுக்கு நேரமே கிடைக்கல. இப்படியே விட்டா ஒரு நாள் ரெண்டா முறிஞ்சிடும். எலும்புக்குள்ள கம்பி வெச்சு வருஷக்கணக்குல காத்திருக்கலாம். அதுக்கப்புறம் அவ தாண்டுறது சந்தேகம்தான்."

"குருத்து வெச்சா?" என்றார் ததேயு.

டாக்டர் அமலியைப் பார்த்துவிட்டு மேஜையைப் பார்த்தார்.

"இதைச் சொல்லவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அமலிக்கு வலது கால் குருத்தை எடுக்கிற நேரம் வந்துடுச்சு. இந்த மாசமோ அடுத்த மாசமோ எடுத்தாகணும். விண்ணரசிக்குக் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் எடுத்தாகணும். கொடுக்கலைன்னா எடுத்தது குப்பைக்குத்தான் போகும்."



"மாதா பாத்து விட்ட வழி," என்றார் ததேயு மெதுவாக. "பிலோமி, ரெண்டு பிள்ளைக்கும் சேத்து ஒரே வழி."

பிலோமினாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்து அவள் பிறகு பலநாள் வெட்கப்பட்டாள்.

"ஒரு விஷயம்," என்றார் டாக்டர். "போன தடவை மாதிரி இல்ல இப்போ. சட்டம் மாறியிருக்கு. பன்னிரண்டு வயசு தாண்டின பிள்ளைன்னா அதைத் தனியா உக்காரவெச்சுக் கேக்கணும். வீட்டு ஆளுங்க யாரும் கூட இருக்கக் கூடாது. அப்புறம் பொருத்தமும் பார்க்கணும்."

"கேளுங்க," என்றார் ததேயு. "அவளுக்கு அக்கான்னா உயிரு."

அமலி எழுந்து உள்ளறைக்குப் போனாள். உயரமான இடது செருப்பு ஓரடி விட்டு ஓரடி சத்தம் போட்டது. கதவு சாத்திக்கொண்டது.

வெளியே விண்ணரசி ஊன்றுகோல்களை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகாமுக்குப் போகிற பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று மாஸ்டரிடமிருந்து செய்தி வந்திருந்தது. அவள் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியதைப் பிலோமினா பார்த்தாள். தன் மகள் எவ்வளவு ஆசையோடு இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

கதவு திறந்தது. அமலி வந்து, "பசிக்குதும்மா," என்றாள்.

கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டாள். அக்காவின் தட்டிலிருந்து சட்னியை எடுத்துக்கொண்டாள். முன்புபோல, கேட்காமல். விண்ணரசி தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.

மாலையில் டாக்டர் மறுபடி கூப்பிட்டார்.

"பொருந்தலைங்க," என்றார்.

ததேயுவுக்குப் புரியவில்லை. "எது?"

"அமலியோட குருத்து விண்ணரசிக்குப் பொருந்தல. வெச்சா உடம்பு தள்ளிடும். கம்பி வெக்கிறதுதான் வழி."

"போன தடவ பொருந்துச்சே டாக்டர்?"

"வயசு ஏற ஏற ரத்தத்துல சில மாற்றம் வரும். சில சமயம் இப்படி ஆகும்."

ததேயு தலையாட்டினார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விண்ணரசி தரையைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். அமலி முதுகை நேராக நிமிர்த்தி, சுவரோரம் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

எல்லோரும் கீழே போன பிறகு பிலோமினா பையை மறந்துவிட்டேன் என்று சொல்லி மேலே வந்தாள். பை தோளில்தான் தொங்கியது.

"ரெண்டும் என் வயித்துல பிறந்த பிள்ளைங்க டாக்டர். ஒரு தடவ பொருந்துனது எப்படிப் பொருந்தாமப் போகும்?"

"பொருந்தலைன்னுதாம்மா எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க."

"ஆமா." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுக்கு மேல பேச எனக்குச் சட்டத்துல இடம் இல்லம்மா. இந்தச் சட்டத்துக்காகப் போராடுனவங்கள்ல நானும் ஒருத்தன். என்னைத் தயவுசெஞ்சு கேக்காதீங்க."

பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மூடிய கதவுக்குள் ஒரு பிள்ளை முடியாது என்று சொன்னால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு சாப்பிட வேண்டும் என்பதற்காக டாக்டர்கள் சொல்கிற சொல் அது. பொருந்தவில்லை.

ஊர் திரும்பும் பேருந்து, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுவது, எட்டயபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் அமலி ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்து அந்தத் தலையைப் பார்க்கப் பார்க்கப் பிலோமினாவுக்கு ஆத்திரம் வந்தது. எப்படியும் எடுத்து எறியப்போகிறதைத்தானே கேட்டோம்? குப்பைக்குப் போவதை அக்காவுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இத்தனை நெஞ்சழுத்தமா இந்தப் பிள்ளைக்கு? நாளைக் காலையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் கெஞ்சினாலே போதும், இறங்கிவிடுவாள். தன் பிள்ளையைத் தனக்குத் தெரியாதா?

காலையில் இட்லி சாப்பிடும்போது ததேயு பேச்சை எடுத்தார்.

"சென்னையில பெரிய ஆஸ்பத்திரி இருக்காம். அங்க ஒரு தடவ பொருத்தம் பாத்திருவோம். மிஷின் தப்பாக் காட்டியிருக்கும். நான் லீவு சொல்லிட்டேன்."

அமலியின் கை தட்டில் அப்படியே நின்றது.

"வேணாம்பா," என்றாள் விண்ணரசி.

"ஒரு தடவ பாக்குறதுல என்னளா?"

"பொருந்தலன்னு சொல்லிட்டாங்கல்லா. திருப்பித் திருப்பி அந்தப் பிள்ளைக்கு ஊசி குத்தணுமா? நான் கம்பி வெச்சிக்கிடுதேன்."

"முகாம் போயிருமே தாயி."

"போகட்டும்."

இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. தட்டில் அது மாவாகிக்கொண்டிருந்தது. சட்னிக் கரண்டியோடு நின்ற பிலோமினா அந்த விரல்களைப் பார்த்தாள். விண்ணரசிக்கும் தெரியும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அமலியைத் தனியாகக் கூப்பிடாமல், அவள் தட்டில் சட்னி ஊற்றினாள்.

ஒரே வாரத்தில் இருவருக்கும் அறுவை நடந்தது. ஒருத்தியின் எலும்புக்குள் கம்பி போனது. இன்னொருத்தியின் எலும்பிலிருந்து குருத்து வெளியே வந்தது. அதை ஒரு சிவப்புப் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். ஆசியப் போட்டி நடந்த நாட்களில் வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. யாரும் போட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

விண்ணரசி நடந்தாள். பிறகு ஓடினாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் சரி என்றார். மைதானத்துக்குப் பிலோமினாவும் போயிருந்தாள். விண்ணரசி ஓடி வந்தாள். ஓட்டம் அழகாகவே இருந்தது. பலகைக்கு இரண்டு அடி முன்னால் உடம்பில் ஏதோ ஒன்று தயங்கியது. அவ்வளவுதான். எழும்பினாள், ஊன்றினாள், மணலில் இறங்கினாள். பதினைந்து வயதில் அவள் விளையாட்டாகத் தாண்டிய தூரம்கூட இல்லை. மறுபடி ஓடி வந்தாள். மறுபடியும் அதே இடம். நான்காவது முறை மாஸ்டர் அளந்துவிட்டு, எவ்வளவு என்று சொல்லாமல் நாடாவைச் சுருட்டினார்.

"காத்து எதுத்து அடிக்குதும்மா," என்றார்.

கொடிக்கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா சார்," என்றாள் விண்ணரசி. ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த மணலைத் தட்டி, லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் பிலோமினா தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிச் சட்டைகள் குவிந்து கிடந்தன. ட்யூஷன் முடிந்து வந்த அமலி, படியேறி உள்ளே போகப் போனவள், நின்று அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவள் செருப்புகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். சாயாமல் நடந்தாள். வகுப்பிலேயே அவள்தான் குட்டை.

"எவ்வளவு வந்துச்சுக்கா?"

"வரல."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிலோமினா மெஷினை ஓட்டினாள், நிறுத்தினாள்.

"அக்கா. அது பொருந்துச்சு."

"தெரியும்."

அமலி திரும்பிப் பார்த்தாள். "எப்போ தெரியும்?"

"டாக்டர் சொல்லும்போதே."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்ப."

அமலி, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல நீ ஜெயிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுக்கா. நெஜமாத்தான். நானே தாண்டுன மாதிரி. அப்புறம் காலு இப்படி ஆச்சு. நீ ஓடும்போதெல்லாம் என் காலு அங்க ஓடுது, நான் இங்க நிக்கேன்னு இருக்கும். இன்னொண்ணும் குடுத்தா, நீ ஜெயிக்கும்போதெல்லாம் நான் சிரிக்கணும். எல்லாரும் என்னைப் பாப்பாங்க. என்னால இன்னொரு தடவ சிரிக்க முடியாதுன்னு தோணிச்சு. டாக்டர்கிட்ட அதத்தான் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. தண்ணி குடுத்தாரு."

"ம்."

"குப்பையில போட்டாலும் அது என் குப்பையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

உள்ளே பிலோமினா துணியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்திருந்தா நீ இன்னிக்குத் தாண்டியிருப்பியா?"

விண்ணரசி யோசித்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று பிலோமினா எதிர்பார்த்தாள். சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். இத்தனை நாள் சொன்னாயே, பொருந்தவில்லை என்று. இதையும் ஒன்று சொல்லிவிடு.

"தாண்டியிருப்பேன்," என்றாள் விண்ணரசி.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முட்டி பெயர்ந்தபோது வராதது, கறுப்புக் கோட்டைக் காட்டியபோது வராதது, காலையில் மணலில் உட்கார்ந்திருந்தபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோல, தெரு பார்க்க அழுதாள்.

அமலி மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைத் தொடவும் இல்லை. எழுந்தும் போகவில்லை. புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா அழுது முடிக்கும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.